கோவைக்கு ஒரம்பரையாக வந்தால்: அணைக்கரையில் கூடாரமிட இடம் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் சென்னை, பெங்களூரு, வெளிநாடு எனப் பல திக்குகளிலிருந்து கோவைக்கு ஒரம்பரை, அதாவது விருந்தாக உறவினர்கள், வருகிறார்கள். வந்த இரண்டாம் நாளே பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: அணைக்கரையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாமா? தங்கலாம். கோவையிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் பவானிசாகர், பில்லூர், ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி என்று ஐந்து நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தூரம் போனால் பரம்பிக்குளம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நீர்த்தேக்கங்களின் கரையில் பெரும்பகுதி காப்புக்காடு, மீதியில் பெரும்பகுதி நீர்வளத்துறையின் நிலம். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் காரை நிறுத்திக் கூடாரம் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஆகவே நமக்கு இருப்பவை மூன்று வழிகள்: வனத்துறையே நடத்தும் தங்குமிடம், நீருக்கு அருகே பட்டா நிலத்தில் இருக்கும் தோப்பு அல்லது தோட்டம், பகலை அணையில் கழித்துவிட்டு இரவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்புவது. மூன்றாவதைப் பலர் தோல்வி என்று எண்ணுகிறார்கள். எட்டு மாதக் குழந்தையும் எண்பது வயது அப்பாரும் இருக்கும் குடும்பத்துக்கு அதுதான் பல சமயம் சரியான வழி.

முதல் படி: வரைபடத்தைத் திறக்கும் முன் வீட்டாரை எண்ணுங்கள்

நீங்கள் வந்தது சொந்தக்காரர்களைப் பார்க்க. அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பயணத்துக்குப் பொருந்தாது. அம்மாயிக்கு மூட்டுவலி என்றால் கழிப்பறை எப்படிப்பட்டது என்பது முதல் கேள்வி. சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்றால் இரவு உணவு எத்தனை மணிக்கு என்பது இரண்டாவது. தரையில் படுக்க முடியாதவர்கள் எத்தனை பேர், மலைப்பாதை வளைவில் வாந்தி எடுப்பவர்கள் யார், மாலையில் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நினைக்கும் மாமன் வீட்டார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்பதும் திசையைத் தீர்மானிக்கிறது. உக்கடம், சுந்தராபுரம், கிணத்துக்கடவுப் பக்கம் என்றால் பொள்ளாச்சி சாலை, அதாவது ஆழியாறு. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்றால் பில்லூர். அன்னூர், அவிநாசி, புளியம்பட்டி என்றால் பவானிசாகர். திருப்பூர், பல்லடம், தாராபுரத்துக்காரர்களுக்கு உடுமலை வழியாகத் திருமூர்த்தியும் அமராவதியும் பக்கம். துடியலூரிலிருந்து கிளம்பி நகரத்தைக் குறுக்கே கடந்து அமராவதி போவது, பாதி விடுமுறையைப் போக்குவரத்து விளக்குகளுக்குக் கொடுப்பதாகும்.

இரண்டாம் படி: மாதத்தைப் பாருங்கள்

கொங்கு நாட்டில் கூடாரத்துக்கு மழையை விடப் பெரிய எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த மண்ணில் மிகையாகத் தோன்றாது. அந்த மாதங்களில் அணைகள் நிரம்பிக் காட்சி அருமையாக இருக்கும். கூடாரம் மட்டும் நிற்காது. அப்போது போனால் சுவர் உள்ள அறையில் தங்குங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் கோவைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். சித்திரையில் வெயிலோடு மாலை இடிமழையும் வரும். மாசிக் கடைசி முதல் கோடை மழை நன்றாகப் பெய்யும் வரை காடு காய்ந்து கிடக்கும், தீப்பிடிக்கும் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் வனத்துறை பல பாதைகளை மூடிவிடும். மூடியிருக்கிறது என்றால் அடுத்த கேள்வி கேட்காமல் திரும்பிவிடுவதே முறை.

எஞ்சுவது தையும் மாசியின் முதல் பாதியும். மழை ஓய்ந்திருக்கும், அணைகளில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும், காற்று அடங்கியிருக்கும், இரவில் போர்வை தேவைப்படும் அளவுக்குக் குளிரும். பொங்கல் விடுமுறை சரியாக அங்கே வந்து விழுவது நம் அதிர்ஷ்டம். ஆனால் காணும் பொங்கலன்று அணைகளுக்குப் போகாதீர்கள். பூப்பறிக்கும் நோன்பு முடித்த கூட்டம் ஊர் ஊராக அங்கேதான் வரும். ஆடிப்பெருக்கும் அப்படியே. அமாவாசை நாட்களில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குச் செல்லும் வண்டிகளால் ஆழியாறு, சேத்துமடைப் பாதைகள் நெரியும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள்; அப்போது உடுமலைப் பக்கம் இரவில் கார் ஓட்டுவதையே தவிர்க்கலாம்.

தேதி முடிவானதும் ஒரு வாரம் கோவைப் பதிப்பு நாளிதழில் அணைகளின் நீர்மட்டத்தைப் பாருங்கள். முழு அளவுகள் நினைவிருந்தால் எண் பேசும்: பவானிசாகர் 105 அடி, ஆழியாறு 120, அமராவதி 90, திருமூர்த்தி 60, பரம்பிக்குளம் 72. ஆழியாற்றில் 60 அடி என்று போட்டிருந்தால் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த வண்டல்தான் இருக்கும். நாளுக்கு நாள் எண் ஏறிக்கொண்டே இருந்தால் மேலே மழை பெய்கிறது என்று பொருள்.

மூன்றாம் படி: எந்த நீர்

மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிறது என்றால் நான் முதலில் சொல்வது ஆழியாறு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் பகுதியாக வால்பாறை மலையடிவாரத்தில் கட்டிய அணை. கோவையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து 25-க்குள். அணை வரை சாலை சமதளம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் அதற்கு மேல்தான் தொடங்குகின்றன. கோட்டூர், ஆனைமலை வட்டாரத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே தங்கும் இடங்கள் நிறைய உள்ளன. அவை பட்டா நிலம், வீடும் கழிப்பறையும் உண்டு, கூடாரத்தில் தூக்கம் வராத பெரியவர் எழுந்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் பொள்ளாச்சி அரசு மருத்துவமனை இருக்கிறது. மலையடிவாரத்தை ஒட்டிய தோப்பை விட, அணையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஊரோடு சேர்ந்த தோப்பைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரைக் காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். யானையும் சிறுத்தையும் நடமாடும் காட்டு ஓரத்தில் பிள்ளைகளோடு இரவைக் கழிக்க வேண்டிய தேவை இல்லை.

பில்லூர் வேறு உலகம். காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியாக மலையேறினால் பில்லூர் அணையின் பின்நீரை ஒட்டிப் பரளிக்காடு. வனத்துறை அங்குள்ள பழங்குடி மக்களோடு சேர்ந்து வார இறுதிகளில் பரிசல் பயணமும் மதிய உணவும் நடத்துகிறது, முன்பதிவு கட்டாயம். இரவு தங்க விரும்பினால் பூச்சமரத்தூரில் வனத்துறைக் குடில்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் வாரத்தில் தருகிறார்களா என்று காரமடை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசி சிக்னலை நம்ப முடியாது, சாலையில் யானை நிற்கும், ஆகவே வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் இறங்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் இதை விட நல்ல இடம் கோவைக்குப் பக்கத்தில் இல்லை. சாப்பாடு சமைத்துப் போடும் அந்த ஊர்ப் பெண்களுக்கு நம் காசு நேராகப் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு முக்கியம்.

பில்லூருக்குக் கீழே மேட்டுப்பாளையம், சிறுமுகை வரையிலான பவானி ஆற்றங்கரை மட்டும் வேண்டாம். பில்லூர் மின்நிலையத்தில் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது ஆறு சட்டென்று உயரும். மேட்டுப்பாளையத்தில் வானம் வெளுத்திருக்கும், முழங்கால் அளவுத் தண்ணீர் சிறிது நேரத்தில் ஆளை இழுக்கும். வெளியூரிலிருந்து வந்து குளித்தவர்கள் இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள்.

பவானிசாகர் 1955-ல் கட்டி முடித்த அணை; மோயாறும் பவானியும் கூடும் இடத்துக்குக் கீழே 32.8 டி.எம்.சி. கொள்ளளவோடு கடல்போல விரிந்து கிடக்கும். அதன் வடக்கும் மேற்கும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். கோடையில் யானைக் கூட்டங்கள் தண்ணீர் குடிக்க இறங்கும் கரை அது. அங்கே கூடாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பகலில் அணையின் கீழுள்ள பூங்கா, வறுத்த மீன், திரும்பும் வழியில் கொடிவேரி என்று பார்த்துவிட்டு, இரவுக்கு சத்தி அல்லது கோபிப் பக்கம் உறவினர் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தங்குவதே அழகு. கோபியில் வாய்க்கால் பாசன வயலுக்கு நடுவே களத்தில் கட்டில் போட்டுப் படுப்பது எந்த முகாமுக்கும் குறைந்ததில்லை.

திருமூர்த்தி அணை பெரியவர்களுக்கு ஏற்றது. உடுமலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அமணலிங்கேசுவரர் கோயில், அணை, மேலே பஞ்சலிங்க அருவி எல்லாம் ஒரே இடத்தில். மலையில் பெய்தால் அருவி ஓடையில் வெள்ளம் பாய்ந்து கோயிலையே சூழ்ந்துவிடும். குளிக்கத் தடை என்று பலகை வைத்திருந்தால் அதோடு வாதாட வேண்டாம். தங்குவதற்குத் தளி வட்டாரத் தோட்டங்களில் கேட்கலாம்.

அமராவதியில் முதலைகள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் சதுப்புநில முதலைகள் இயற்கையாக அதிகம் வாழும் நீர்நிலைகளில் ஒன்று 1957-ல் கட்டிய இந்த அணை. பக்கத்திலேயே வனத்துறையின் முதலைப் பண்ணையும் உண்டு. பண்ணையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். நீர் விளிம்பில் காலை நனைப்பது, பாத்திரம் கழுவுவது, இருட்டில் மீன் பிடிப்பது எதுவும் கூடாது.

பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் போகும் வழி நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளை இரு மாநில ஒப்பந்தப்படி தமிழ்நாடு பராமரிக்கிறது. கேரள வனத்துறை ஆனப்பாடியில் கூடாரத் தங்குமிடம், தூணக்கடவில் மரவீடு, வீட்டிக்குன்று தீவில் தங்குமிடம் என்று நடத்துகிறது. சட்டப்படி, காவலர் துணையோடு, உண்மையான காட்டு நீரோரத்தில் தங்க வேண்டும் என்றால் இதற்கு நிகர் இந்தப் பக்கத்தில் வேறில்லை. செலவு கூடுதல், இடம் குறைவு, பல வாரங்களுக்கு முன் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகளையும் நேரத்தோடு கடக்க வேண்டும். மாலைக்கு மேல் விட மாட்டார்கள். கைக்குழந்தையோடு வேண்டாம்.

நகரத்துக் குளங்களையும் சொல்ல வேண்டும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சூலூர் குளம், திருப்பூர் நஞ்சராயன் குளம், ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு இவற்றில் எங்கும் கூடாரம் கிடையாது. வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயங்கள். விடியலில் போய் ஒரு மணி நேரம் பறவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சந்தகை சாப்பிடலாம். சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையைப் பெரிய நீர்ப்பரப்பு என்று வரைபடத்தில் பார்த்துப் போகாதீர்கள். பல ஆண்டுகள் சாயக்கழிவு தேங்கிய இடம் அது. அந்தத் தண்ணீர் குடும்பத்தோடு பக்கத்தில் உட்காரத் தக்கதல்ல.

நான்காம் படி: பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

தோப்புத் தங்குமிடத்தின் படங்களில் எப்போதும் நீரும் நெருப்பும் விளக்குமாலையும் இருக்கும். அவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உரிமையாளரோடு பேசுங்கள். "நிலம் பட்டாவாங்க? காட்டு எல்லை எவ்வளவு தூரமுங்க? போன மாதம் யானை வந்ததுங்களா?" என்று நேராகவே கேட்கலாம், கொங்கு விவசாயி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். யானை வந்த கதையை அவரே விரிவாகச் சொல்வார். "வராதுங்க, பயமே இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கிறவரிடம் இன்னும் துருவுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். காட்டு ஓரத்தில் துணிச்சுவர் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா, இரவில் ஆள் தங்குவாரா, தூங்கும் இடத்திலிருந்து கழிப்பறை எத்தனை அடி, அங்கே விளக்கு உண்டா, மின்வேலி இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி பிள்ளைகளுக்காக. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள உறவினர் தங்கினால், தங்குமிடம் அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அதைப்பற்றித் தெரியாத இடம் என்றால் அவருக்கு இரவுத் தங்கல் நகரத்து வீட்டிலேயே இருக்கட்டும்.

முடிந்தால் உள்ளூரில் இருக்கும் பங்காளியோ மச்சானோ ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவரட்டும். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் யாராவது ஒருவர் இருப்பார். அவர் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்வதை நூறு படங்கள் சொல்லாது.

ஐந்தாம் படி: கூடாரம் அடிக்கும் மண்

மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு இடம் தேர்ந்தெடுப்பதே பாதித் தொல்லைக்குக் காரணம்.

தென்னந்தோப்பில் தென்னைக்கு அடியில் கூடாரம் போடாதீர்கள். காயும் விழும், மட்டையும் விழும், இடிமழையில் முதலில் மின்னல் இறங்குவதும் தென்னையில்தான். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், படத்துக்கு அழகு என்று இரண்டு மரங்களுக்கு நடுவேதான் கட்டுகிறார்கள். தோப்பின் ஓரத்தில் வெட்டவெளி இருக்கும், அல்லது களம் இருக்கும், அங்கே போடுங்கள். களத்தின் சிமெண்டுத் தரையில் ஆணி இறங்காது, கற்களில் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம்.

கூடாரத்தின் வாசல் மேற்கைப் பார்க்கக் கூடாது. கிளுவை வேலி இருந்தால் அதைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, வேலியிலிருந்து ஏழெட்டு அடி விலகி அடியுங்கள். வேலியடியில் பாம்புக்கு இடம் உண்டு. வாய்க்கால் கரையில் பிள்ளைகளோடு படுக்க வேண்டாம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மாலையில் காய்ந்து கிடந்தது நள்ளிரவில் நிரம்பி ஓடும்.

நீர்த்தேக்கக் கரையில் பாறைகளைக் கவனித்தால் ஒரு கோடு தெரியும். அதற்குக் கீழே செடி இல்லாமல் வெளுத்திருக்கும், மேலே புதர் இருக்கும். முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்கும் இடம் அதுதான். பகலில் பாய் விரித்து உட்கார்ந்தாலும் அந்தக் கோட்டுக்கு மேலேயே உட்காருங்கள். பவானிசாகர் நிரம்பும் காலங்களில் லிங்காபுரம், காந்தவயல் பாலமே மூழ்கி மக்கள் பரிசலில் போயிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே காய்ந்ததுபோல் தெரியும் வண்டல் மேலே மட்டும்தான் காய்ந்திருக்கும். கால் புதைந்தால் எடுப்பது கடினம், காரும் இறங்கினால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.

ஆறாம் படி: சாப்பாடும் இரவும்

வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோனால் முதல் வேளைக்குக் கவலை இல்லை. இரவுக்கு அரிசியும்பருப்பும் சாதம் போதும். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, நெய் ஊற்றினால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். விறகுத் தீயை விடக் கேஸ் அடுப்பு நல்லது. தென்னஞ்சருகு ஒரு பொறியில் பற்றும், தோப்பு அடுத்தவருடைய வாழ்வாதாரம். பலாப்பழம், பழுத்த வாழை, வெல்லம், உப்பு மூட்டை இவற்றின் வாசம் யானையை இழுக்கும். மலையடிவாரம் என்றால் உணவுப் பொருள்களைக் கூடாரத்தில் வைக்காமல் கல் கட்டடத்துக்குள் வையுங்கள். குப்பையை மண்ணில் புதைக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.

தலைக்கு ஒரு டார்ச், கொசுவலை, தார்ப்பாய், தைப் பனிக்குக் காதை மூடும் துணி, பெரியவர்களின் மாத்திரைகள் தனிப் பையில். நள்ளிரவில் யாரும் தனியாக எழுந்து போகக் கூடாது என்பதைப் படுக்கும் முன் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். யாரையாவது பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்துவிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதற்காகவே ஒரு கார் எப்போதும் சாலையைப் பார்த்தபடி, முன்னால் வேறு வண்டி இல்லாமல் நிற்க வேண்டும். ஓட்டத் தெரிந்த ஒருவர் அன்றிரவு குடிக்கக் கூடாது.

மாலையில் மட்டும் வரும் உறவினர்களுக்கு ஏழு மணிக்கே சாப்பாடு போட்டு எட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மனம் வராது. ஆனாலும் ஆனைமலைப் பக்கத்து உள்சாலைகளில் பத்து மணிக்கு மேல் வயதானவர்களை அனுப்புவது சரியில்லை. மலைப்பாதை இடங்களில் இந்த மாலை விருந்தே வேண்டாம்.

காலையில் செருப்பையும் ஷூவையும் போடும் முன் கவிழ்த்து உதறுங்கள். தேளும் பூரானும் அங்கேதான் ஒதுங்கும். தைப் பனியில் கூடாரத் துணி நனைந்திருக்கும். அவசரமாகச் சுருட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே அத்தை வீட்டு மொட்டைமாடியில் இன்னொரு முறை விரித்து வெயிலில் காயவைத்த பிறகே ஊருக்குப் பெட்டி கட்டுங்கள்.